நூலில் ஒரு செல்ல முகம்

வீட்டு நாயையோ பூனையையோ கேன்வாஸில் தைத்துச் சுவரில் மாட்ட ஆசையா? முதலில் நல்ல படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் கண் பளபளத்து, நிறமே மாறிவிடும். ஜன்னலோரத்தில், நீங்களும் தரையில் உட்கார்ந்து, அதன் கண்மட்டத்திலிருந்து எடுங்கள்.

அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள கேன்வாஸில், 6 அங்குல அகலத்துக்கு 84 தையல்தான் கிடைக்கும். அதனால் முழு உடம்பு வேண்டாம், முகம் போதும்.

கறுப்பு நாய் என்றால் வெறும் கறுப்பு நூல் வாங்காதீர்கள். முகம் ஒரே திட்டாகிவிடும். வெயிலில் நிறுத்திப் பாருங்கள். காதோரம் காப்பிக்கொட்டை நிறம் தெரியும், நெற்றியில் கருநீலம் மின்னும். இரண்டு நிற இழைகளை ஒரே ஊசியில் கோத்துத் தைத்தால் ரோமம் ரோமமாகவே இருக்கும். கருவிழியின் மேலோரத்தில் ஒரே ஒரு வெள்ளைத் தையல் போடுங்கள். அது விழுந்த நொடியில் உங்கள் செல்லம் உங்களைப் பார்க்கும்!

நூல் ஒரு முழம் போதும். நீளமானால் தேய்ந்து பஞ்சாகும். முடிச்சுப் போடாமல், நுனியைப் பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். கேன்வாஸ் கோணாமலிருக்கச் சட்டத்தில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

வயதான செல்லம் வீட்டில் இருந்தால், தையலை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். படத்தை மட்டும் இன்றே எடுத்து வையுங்கள்.