முகத்தை மறைத்தவரும் முகத்தால் மறுக்கப்பட்டவரும்
(பழைய ஹாலிவுட்டின் இரு நடிகைகள்: ஓர் ஒப்பீடு)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. திரையில் தெரியும் முகத்திற்கு இவ்வாக்கு பொருந்துமா என்ற ஐயம் 2023-ஆம் ஆண்டு எனக்கு எழுந்தது.

அவ்வாண்டு ஜனவரி 24-ஆம் நாள் வெளியான ஆஸ்கார் பரிந்துரைப் பட்டியலில் ஈப்போவில் பிறந்த மிஷெல் இயோவின் பெயர் சிறந்த நடிகை பிரிவில் இடம்பெற்றது. மார்ச் மாதம் விருதும் அவருக்கே கிடைத்தது. நாடே மகிழ்ந்த அந்தச் செய்தியில் ஒரு தொடர் மட்டும் என்னை உறுத்தியது. இப்பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் ஆசியப் பெண் என்று எழுதாமல், தம்மை ஆசியர் என அடையாளப்படுத்திக்கொண்ட முதல் பெண் என்று சில ஏடுகள் எழுதியிருந்தன. அப்படியென்றால், அடையாளப்படுத்திக்கொள்ளாத ஒருவர் அவருக்கு முன்பே இருந்தாரா?

இருந்தார். அவர் பெயர் மெர்ல் ஓபரான்.

பம்பாயில் பிறந்த ‘டாஸ்மேனியப் பெண்’

மெர்ல் 1911-இல் பம்பாயில் பிறந்தார், கல்கத்தாவில் வளர்ந்தார். அவரைத் தாயாக இருந்து வளர்த்த சார்லட், இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட யூரேசியப் பெண்மணி. மெர்ல் 1928-இல் இங்கிலாந்து சென்றார். அங்கே தயாரிப்பாளர் அலெக்சாந்தர் கோர்டாவின் பார்வையில் பட்டு, 1933-இல் ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி VIII’ படத்தில் ஆன் பொலின் அரசியாகத் தோன்றினார். இந்தியாவில் பிறந்த கலப்பினப் பெண்ணை நாயகியாக ஏற்க அன்றைய திரையுலகம் ஆயத்தமாக இல்லை. எனவே, அவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர் என்ற கதை புனையப்பட்டது.

அக்கதையுடன்தான் அவர் ஹாலிவுட்டில் நுழைந்தார். ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்திற்காக 1936-இல் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். உடன் வாழ்ந்த சார்லட்டை விருந்தினர் முன் பணிப்பெண் எனக் காட்டிக்கொண்டதாக அவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சார்லட் 1937-இல் மறைந்தார்.

1939-இல் வெளிவந்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ இங்கு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. எமிலி பிராண்டியின் நாவலில் ஹீத்கிளிஃப் கருநிறத்தவனாக வருணிக்கப்படுகிறான். படத்தில் அவனாக நடித்தவர் ஆங்கிலேயரான லாரன்ஸ் ஒலிவியர். அவன் காதலிக்கும் வெள்ளைக்காரப் பெண் கேத்தியாக நடித்தவரோ பம்பாயில் பிறந்த மெர்ல். திரைக்கு முன் அமர்ந்திருந்தவர்கள் இதனை அறியவே இல்லை.

1937-இல் லண்டனில் நிகழ்ந்த கார் விபத்தில் மெர்லின் முகத்தில் தழும்புகள் ஏற்பட்டன. ‘தி லாட்ஜர்’ (1944) படத்தின் ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமராவை ஒட்டியே ஒரு விளக்கைப் பொருத்தினார். ஒளி முகத்தில் நேராகப் பட்டதால் நிழல் விழவில்லை, தழும்புகளும் தெரியவில்லை. மெர்லின் பெயராலேயே அவ்விளக்கு ‘ஓபி’ எனப்பட்டது. முகத்தை மறைக்க இருளே வேண்டும் என்பதில்லை, ஒளியும் போதும் என்பதை இதன்வழி அறிந்துகொண்டேன்.

மெர்ல் 1979-இல் காலமானார். உண்மைப் பிறப்பிடம் 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலால்தான் பரவலாகத் தெரியவந்தது.

சலவைக் கடைக்காரர் மகள்

மெர்லுக்கு ஆறு ஆண்டுகள் மூத்தவர் அன்னா மே வோங். 1905-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சலவைக் கடை நடத்திய சீனக் குடும்பத்தில் பிறந்தார். பதினேழு வயதில் ‘தி டோல் ஆஃப் தி சீ’ (1922) என்ற வண்ணப்படத்தில் நாயகியானார். அதன்பின் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்தவை பெரும்பாலும் அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி, இறுதியில் உயிர்விடும் காதலி போன்ற வேடங்களே. மனம் சலித்து 1928-இல் ஐரோப்பா சென்று அங்கே புகழ்பெற்றார். திரும்பி வந்து ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ (1932) படத்தில் மார்லின் டீட்ரிச்சுடன் நடித்தார்.

சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய பெர்ல் பக்கின் ‘தி குட் எர்த்’ நாவலை எம்ஜிஎம் நிறுவனம் படமாக்க முன்வந்தபோது, நாயகி ஓ-லான் வேடத்தை வோங் பெரிதும் விரும்பினார். நாயகனாகத் தேர்வானவர் வெள்ளையரான பால் முனி. மனைவி வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குச் சென்றது. ஒப்பனையால் சீனப் பெண்ணாகத் தோன்றிய ரெய்னர் 1938-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரைப் பெற்றார். வோங்கோ 1936-இல் தம் முன்னோரின் நாடான சீனாவுக்குப் பயணம் மேற்கொண்டார்.

இருவருக்கும் ஒரே சுவர்

இதற்குத் தனி மனிதர்களின் விருப்பு வெறுப்பை மட்டும் காரணமாகக் கூற இயலாது. 1930-இல் உருவாகி 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறிமுறை, இனம் கடந்த உறவைத் திரையில் காட்டத் தடை விதித்தது. அதன் வாசகம் வெள்ளையரையும் கறுப்பரையும் மட்டுமே குறிப்பிட்டது. ஆனாலும் நிறுவனங்கள் ஆசியர் விஷயத்திலும் அஞ்சி ஒதுங்கின. வெளியுலகச் சட்டங்களும் அவ்வாறே இருந்தன. சீனர் குடியேற்றத்தைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை நீடித்தது. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்நிலை 1946-இல்தான் மாறியது.

மெர்லின் கதையை முதலில் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. வளர்த்தவளைப் பணிப்பெண் என்று சொல்ல எப்படி மனம் வந்தது? வோங்கின் வரலாற்றைப் படித்த பின்னரே என் கோபம் திசை மாறியது. தம் பெயரோடும் முகத்தோடும் நின்ற வோங்குக்குக் கிடைத்தது என்ன என்பதை மெர்ல் கண்ணெதிரே கண்டிருக்க வேண்டும். வோங்கின் முகம் மறைக்க இடம் தரவில்லை. மெர்லின் முகம் இடம் தந்தது. ஒருவர் வேடங்களை இழந்தார்; மற்றவர் தம்மையே இழந்தார். இருவருக்கும் அந்த விலையை விதித்தது ஒரே சுவர்தான்.

நிறைவாக

அமெரிக்க அரசு 2022-இல் வோங்கின் உருவம் பொறித்த 25 காசு நாணயத்தை வெளியிட்டது. அவர் மறைந்து அப்போது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டே மிஷெல் இயோ தம் சொந்தப் பெயரோடு ஆஸ்கார் மேடையேறினார்.

பழைய படங்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அவற்றின் கலையழகு போற்றத்தக்கதே. ஆயினும் பார்க்கும்போது இரு வினாக்களை எழுப்பிக்கொள்வோம். இந்தப் படத்தில் இல்லாத முகம் யாருடையது? இருக்கும் முகம் எதை மறைத்துக்கொண்டு வந்தது? நேர்காணலுக்குச் செல்லுமுன் தம் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று எண்ணிப் பார்த்த எவருக்கும் இவ்வினாக்கள் அந்நியமானவை அல்ல.