செயற்கைக் கண்ணும் சமூக ஆதரவும்

சுகாதாரமும் உடற்கல்வியும் – பரீட்சை வழிகாட்டி

அறிமுகம்

சீனவெடி, கூரிய தடி, வேகமாக வரும் பந்து போன்றவற்றால் ஏற்படும் காயம், கடுமையான தொற்று, சிறு பிள்ளைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றுநோய் ஆகியன காரணமாகச் சிலரது கண்ணை அகற்ற நேரிடுகின்றது. அதன் பின்னர் பொருத்தப்படுவதே செயற்கைக் கண் ஆகும். இது முகத்தின் தோற்றத்தையும் இமைகளின் வடிவத்தையும் பேணும், பார்வையைத் தராது.

1. அமைப்பு

செயற்கைக் கண் பலர் எண்ணுவதுபோல முழு உருண்டை அன்று. சத்திரசிகிச்சையின்போது விழிக்குழியினுள் சிறு உருண்டையொன்று வைக்கப்பட்டு இழையத்தால் மூடப்படும். புண் ஆறியதும், பொதுவாக 6–8 வாரங்களின் பின், அதன் முன்னால் இமைகளுக்குள் மெல்லிய ஓடு போன்ற செயற்கைக் கண் பொருத்தப்படும். மறுகண்ணின் நிறத்துக்கேற்ப இது வர்ணம் தீட்டப்படும். முன்னர் கண்ணாடியால் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியக் கண்ணாடி கிடைக்காமையால் அமெரிக்காவில் அக்கிரிலிக் பயன்பாட்டுக்கு வந்தது.

குறிப்பு: கண் தானத்தில் பார்வைக்காகப் பொருத்தப்படுவது முழுக் கண் அன்று, முன்புறத்திலுள்ள விழிவெண்படலமே ஆகும். எனவே முழுக் கண்ணையும் இழந்தவருக்கு அதனால் பார்வை கிடைக்காது.

2. பராமரிப்பு

• தொடுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல்.
• வைத்தியர் கூறியவாறு மட்டும் கழற்றுதல். அடிக்கடி கழற்றுவதைத் தவிர்த்தல்.
• மென்மையான சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுதல். மதுசாரம், கொதிநீர் பயன்படுத்தலாகாது.
• ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதித்து மினுக்குவித்தல். வளரும் பிள்ளைகளுக்கு அளவு மாற்றப்படல் வேண்டும்.
• சிவத்தல், வலி, சீழ் காணப்படின் வைத்தியரை நாடுதல்.

3. ஒரு கண்ணுடன் வாழ்தல்

இரு கண்களும் இணைந்து பார்ப்பதாலேயே அண்மைப் பொருள்களின் தூரத்தைத் திருத்தமாக அறிகிறோம். ஒரு கண்ணை இழந்தவர் தேநீர் ஊற்றும்போது கோப்பைக்கு வெளியே சிந்தலாம்; படியிறங்கும்போது தடுமாறலாம். இது கவனக்குறைவு அன்று. கேத்தலின் வாயைக் கோப்பையின் விளிம்பில் தொட்டு ஊற்றுதல், வீதியைக் கடக்கையில் தலையை நன்கு திருப்பிப் பார்த்தல் போன்ற பயிற்சிகளால் சில மாதங்களில் மூளை பெரும்பாலும் இசைவாக்கமடையும். மீதமுள்ள கண்ணைப் பாதுகாக்க உடையாத வில்லைகளுள்ள மூக்குக்கண்ணாடி அணிதல் அவசியம்.

இந்தியத் துடுப்பாட்ட வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி 1961இல் வாகன விபத்தில் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். எனினும் அவ்வாண்டின் இறுதியிலேயே டெஸ்ட் போட்டியில் ஆடினார். 1962இல், 21 வயதில் அணித் தலைவரானார்.

4. எமது பொறுப்பு

கண்ணை இழந்தவருக்குத் துயரமும் கோபமும் வெட்கமும் ஏற்படுதல் இயல்பே. உற்றுப்பார்த்தல், பட்டப்பெயர் சூட்டல், எப்போதும் பரிதாபம் காட்டல் ஆகியன அவரைத் தனிமைப்படுத்தும். பார்வையுள்ள பக்கமாக வந்து பேசுங்கள். மறுபக்கமாக வர நேர்ந்தால் பெயர் சொல்லி அழையுங்கள். விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி வினா

இடது கண்ணை இழந்த மாணவன் பாடசாலைக்கு மீண்டும் வருகிறான். வகுப்பில் அவனுக்குப் பொருத்தமான இடம் யாது? காரணம் தருக.

விடை: கரும்பலகையை நோக்கி அமரும்போது வகுப்பின் இடப்பக்கம். அப்போது கரும்பலகையும் சகபாடிகளும் அவனது வலக் கண்ணின் பக்கம் அமைவர். எனினும் தீர்மானிக்குமுன் அவனது விருப்பத்தைக் கேட்டறிதல் வேண்டும். (இறுதி வாக்கியத்தை எழுத மறவாதீர்கள், வகுப்பறையில் அதைச் செய்யவும் மறவாதீர்கள்.)