வாக்கும் வாழ்நிலையும்

வேட்பாளர்களைச் சீர்தூக்கிப் பார்த்து வாக்காளர் தாமே தனித்து எடுக்கும் முடிவே வாக்கு என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணத்தை 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர்தம் குழுவினரும் சோதித்துப் பார்த்தனர். ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டும் குடியரசுக் கட்சியின் வில்க்கியும் மோதிய தேர்தல் அது. ஒஹையோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் 600 வாக்காளர்களைத் தேர்ந்து, மே முதல் நவம்பர் வரை அவர்களையே மீண்டும் மீண்டும் சந்தித்து வினவினர்.

விளம்பரம் பொருளை விற்பதுபோல வானொலியும் நாளிதழும் வேட்பாளரை 'விற்று'விடும் என எதிர்பார்த்தல் இயல்பே. கிடைத்த விடையோ வேறு. ஏறத்தாழப் பாதிப் பேர் மே மாதத்திலேயே முடிவு செய்திருந்தனர். பரப்புரையால் கட்சி மாறியோர் மிகச் சிலர். செல்வம், சமயம், வாழிடம் ஆகிய மூன்றையும் அறிந்தால், ஒருவர் எப்பக்கம் சாய்வார் என்பதைப் பெரிதும் கணிக்க முடிந்தது. செல்வரும் புராட்டஸ்டண்டு சமயத்தாரும் சிற்றூராரும் குடியரசுக் கட்சியை நாடினர். வறியோரும் கத்தோலிக்கரும் நகரத்தாரும் ஜனநாயகக் கட்சியை நாடினர். ஒத்த பொருள்நிலை உடையோரை ஒப்பிட்டபோதும் சமய வேறுபாடு மறையவில்லை. கணவனும் மனைவியும் வெவ்வேறு கட்சிக்கு வாக்களித்த இல்லங்களோ மிக அரியன.

இதனை மாறா விதியெனக் கொள்ளுதல் பிழை. பின்னணி வாக்கைச் சாய்க்குமேயன்றிக் கட்டிவிடாது. செல்வராகவும் கத்தோலிக்கராகவும் இருந்த ஒருவரைச் செல்வம் ஒருபுறமும் சமயம் மறுபுறமும் இழுத்தன. இத்தகையோர் நெடுநாள் தயங்கினர். சிலர் தேர்தலில் நாட்டமே இழந்தனர். ஆய்வின் ஆழமான பகுதி இதுவே எனலாம். ஏனெனில், முடிவு திறந்திருந்தது பெரும்பாலும் இவர்களிடந்தான். பரப்புரையை மிகக் குறைவாகக் கேட்டவர்களும் முடிவெடுக்காத இத்தகையோரே. கட்சிகளின் முழக்கம் பெரிதும் ஏற்கெனவே உடன்பட்டோர் செவிகளிலேயே விழுந்தது.

தயங்கி நின்றோரை எட்டியது பழகியவர் பேச்சு. நாளிதழ் படித்து, வானொலி கேட்டு, தாம் அறிந்ததை வீட்டிலும் பணியிடத்திலும் பிறரிடம் பேசியோரை, 1944இல் வெளிவந்த ‘மக்களின் தேர்வு’ என்னும் தம் நூலில் ஆய்வாளர்கள் கருத்துத் தலைவர்கள் எனக் குறித்தனர். அவர்கள் செல்வரோ பதவியினரோ மட்டும் அல்லர். எல்லாத் தொழிலாரிடையேயும் இருந்தனர்.