மாத்திரைக்கு வாசனை இல்லை

சிங்காநல்லூர்

அன்புள்ள கண்ணு,

போன வாரம் வந்திருந்தபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனாய். "ஏனுங்க சார், இந்திக்காரங்க வந்தப்புறம்தானுங்க நம்மூருக்குப் போதை வந்துச்சு?" உனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. மூன்று நாளாக மனசு ஆறவில்லை. பார்மசி படிக்கிறவன், மருந்தியல் பாடத்தை என்னிடமே கேட்டவன், இப்படிக் கேட்டுவிட்டானே!

கஞ்சா ஆந்திராவில் விசாகப்பட்டினத்தை ஒட்டிய மலைகளிலும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமும் விளைந்து, சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை என்று ரயில் பாதையோடு வருகிறது. இது உண்மை. ஆனால் வாங்குகிற ஆள் இல்லாத ஸ்டேஷனில் எந்தச் சரக்கும் இறங்காது. அதைவிட, இன்று கோவையில் போலீஸ் அடிக்கடி பிடிப்பது மாத்திரை. அது மலையில் விளைவதில்லை. வலிக்கென்று கம்பெனியில் செய்து, பேட்ச் நம்பர் அச்சிட்ட அட்டையில் அடைத்து வருவது. பெயர் டேபென்டடால். பிடிபடுகிறவர்களைப் பற்றிய செய்திகளை ஒரு மாதம் விடாமல் படி. அதில் நம் பக்கத்துத் தெரு விலாசங்கள் எத்தனை என்று நீயே எண்ணு.

அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டாம். ஆனால் 2018 ஏப்ரலில் நடந்ததை நீ கவனித்திருக்க வேண்டும். அதே வகை வலி மருந்தான டிராமடோலை மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. டேபென்டடாலை அன்று சேர்க்கவில்லை. ஒன்று கிடைக்காமல் போனதும் கை அடுத்ததைத் தேடியது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வரப்பை உடைக்கும். நொய்யல் பாசனத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

மருந்தே ஒரு ஊரின் பழக்கமாவது எப்படி என்று காட்ட, இங்கே ஹுஸ்க்வார்னா கதையைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாடம் வரும்போதெல்லாம் வகுப்பில் சொல்வேன். நீ அன்று வரவில்லை போலிருக்கிறது.

ஸ்வீடனில் உள்ள ஊர் அது. துப்பாக்கி, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் எல்லாம் செய்த பெரிய தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்தது. நம் பீளமேடு மில்களைச் சுற்றி வளர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள். 1918இல் இன்ஃப்ளுயன்சா பரவியபோது யோர்டன் என்ற டாக்டர் காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் ஒரு பொடி எழுதிக்கொடுத்தார். ஃபெனாசெட்டின், ஃபெனசோன், காஃபின் சேர்ந்த பொடி. காய்ச்சல் போய்விட்டது, பொடி மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. அதைச் சாப்பிட்டால் மெஷின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்கிறது என்று தொழிலாளர்கள் நம்பினார்கள். வேலைக்குப் போகுமுன் பொடி, இடைவேளையில் பொடி, விருந்தாளி வந்தால் பொடி. பிறந்தநாளுக்குக்கூடப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். பல வருஷம் கழித்து, இந்த ஊரில் மட்டும் ஏன் இத்தனை பேர் சிறுநீரகம் கெட்டுச் சாகிறார்கள் என்று தேடிப்போன மருத்துவர்கள் அந்தப் பொடியில் வந்து நின்றார்கள். 1961இல்தான் ஃபெனாசெட்டினுக்கு டாக்டர் சீட்டு வேண்டும் என்று ஸ்வீடன் சட்டம் போட்டது. எந்த வெளியூர்க்காரனும் அதை அங்கே கொண்டுபோகவில்லை. ஒரு டாக்டர் நல்ல மனசோடு எழுதிய சீட்டு அது.

இதை நான் முதன்முதலில் நூலகத்தில் படித்த மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது. என் அப்பா இங்கே ஒரு மில்லில் ஸ்பின்னிங் பார்த்தவர். மில் டிஸ்பென்சரியில் எது வலித்தாலும் ஏபிசி மாத்திரைதான். அதில் நடுவில் இருக்கும் 'பி', அதே ஃபெனாசெட்டின். நைட் ஷிப்ட் கிளம்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார், மாத்திரை இருக்கிறதா என்று. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் பழங்கதை இல்லை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை விசாரித்து 2019இல் எழுதியது: மாதவிலக்கு வலி என்றால் வேலை நேரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பெயர்கூட அச்சிடாத மாத்திரை. உழைப்புக்குப் பெயரெடுத்த நம் சீமையில், வலித்தால் உட்காராதே, ஒன்றைப் போட்டுக்கொண்டு எழு என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

காலேஜ் பையன் எந்த ஷிப்டுக்குப் போகிறான் என்று கேட்பாய். அவன் போகவில்லை. ஆனால் அவன் வளர்ந்த வீட்டில் மாத்திரை என்றால் நல்லது செய்வது. பீடி, சாராயம், கஞ்சா எல்லாவற்றையும் அம்மா வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள். மாத்திரைக்கு வாசனை இல்லை, பார்த்தாலும் பயம் வராது. விழுங்குவதற்குச் செய்ததை அந்தப் பையன்கள் ஊசியில் ஏற்றுகிறார்கள். அதில் மருந்தோடு சேர்ந்திருக்கும் மாவும் பசையும் ரத்தக் குழாயை அடைக்கும், சீழ் பிடிக்கும். ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். கையில் காசு தீர்ந்ததும் வாங்குகிறவனே விற்கிறவனாகிறான். அடிதடியும் வழிப்பறியும் பல நேரம் இந்த இடத்தில் தொடங்குகின்றன.

இனி கோபமாகவே ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள். டேபென்டடாலோடு கேரிசோப்ரடால் என்ற தசைத் தளர்ச்சி மருந்தைக் கலந்து, நம் நாட்டுக் கம்பெனி ஒன்று கானாவுக்கும் நைஜீரியாவுக்கும் அனுப்பியதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. அதன் பிறகுதான் அந்தக் கலவைக்கான அனுமதியை அரசு திரும்பப் பெற்றது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம் என்று நீ படித்திருக்கிறாய். கானாவில் தமாலே என்ற ஊரில் ஊர்க்காரர்களே குழு சேர்த்து, விற்கிறவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அங்கே ஒரு பையன் தன் வாத்தியாரிடம் 'இந்தியாக்காரங்க கொண்டுவந்ததுதானே?' என்று கேட்டால், அது திருப்பூரில் பனியன் தைக்கிறவனையும் உன்னையும் என்னையும் சேர்த்துத்தான். பீகாரிலிருந்து வந்து பவுண்டரியில் இரும்பு உருக்குகிறவனைப் பற்றி அந்த மாதிரி வார்த்தையை இனி என் வீட்டு வாசலில் பேசாதே.

விடுதியில் உன் கூட்டாளி ஒருவனைப் பற்றிச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திவிட்டாய். அவன் மாத்திரையைத் திடீரென்று தனியாக நிறுத்திப் பார்க்க வேண்டாம். நிறுத்திய சில நாளில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பிறகு பழைய அளவைப் போட்டால் அதுவே உயிரை வாங்கும். போலீஸுக்குப் பயந்தால் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவைக் காட்டு. கஞ்சாவோ டிராமடோலோ, தானாகச் சிகிச்சைக்கு வந்து அதை முழுதாக முடிக்கிறவன் மேல் பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கு வராது. 14446க்குக் காசில்லாமல் கூப்பிடலாம். அவன் கூப்பிடமாட்டான் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வா சாமி. பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். நானே பேசுகிறேன், அப்புறம் மூன்று பேருமாக டாக்டரிடம் போவோம். அவனிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

உன் பழைய வாத்தியார்