டிஷ்வாஷரில் சென்சார் எர்ரரா? கம்ப்யூட்டர் வழியில் கண்டுபிடிக்கலாம்

கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கியவர்களை அதிகம் பயமுறுத்துவது எர்ரர் மெசேஜ்தான். திரையில் அப்படி ஒரு கட்டம் வந்தவுடனேயே ஏதோ ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறோம். பிரிண்டரில் பேப்பர் இல்லை என்று மெசேஜ் வந்தால் என்ன செய்வோம்? பேப்பரை வைப்போம். பேப்பர் தீர்ந்ததைக் கண்டு சொன்ன சென்சாரைக் கழற்றி மாற்ற மாட்டோம். இதே பாடம் வீட்டில் உள்ள மற்ற மெஷின்களுக்கும் பொருந்தும். பாத்திரம் கழுவும் டிஷ்வாஷரை வைத்து இதனைப் பார்க்கலாம்.

டிஷ்வாஷரும் ஒரு கம்ப்யூட்டரே

கம்ப்யூட்டரில் இன்புட், பிராசஸிங், அவுட்புட் என மூன்று நிலைகள் இருப்பதைப் படித்திருப்பீர்கள். டிஷ்வாஷரிலும் இவை உண்டு. சென்சார்கள் இன்புட். உள்ளே உள்ள சர்க்யூட் போர்டில் இருக்கும் மைக்ரோ கண்ட்ரோலர் பிராசஸர். தண்ணீரைத் திறக்கும் வால்வ், மோட்டார், ஹீட்டர், கழிவு நீரை வெளியேற்றும் பம்ப் ஆகியவை அவுட்புட். மானிட்டருக்குப் பதிலாக இரண்டு மூன்று எழுத்துகள் காட்டும் சிறிய டிஸ்பிளே இருக்கும். எர்ரர் கோட் அதில்தான் வரும். அதன் பொருள் மெஷினுடன் தந்த கையேட்டில் இருக்கும். முதலில் அதனைப் படியுங்கள்.

எங்கள் அபார்ட்மெண்டில் நடந்தது

மேல் வீட்டு அக்கா ஒரு நாள் அழைத்தார். "தம்பி, மெஷின் ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. அடியில பம்ப் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. சென்சார் போயிடுச்சாம், மாத்த நாலாயிரம் ஆகும்னு போன்லயே சொல்லிட்டாங்க" என்றார். யாரும் வந்து பார்க்காமலே சொன்ன கணக்கு இது.

கையேட்டில் அந்தக் கோடுக்கு நீர்க்கசிவு என்று பொருள் போட்டிருந்தது. பல மாடல்களில் மெஷினின் அடித்தட்டில் தெர்மாகோல் மிதவை ஒன்றும், அதனுடன் ஒரு சிறிய ஸ்விட்சும் இருக்கும். அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் மிதவை மேலே எழும்பி ஸ்விட்சை அழுத்தும். உடனே போர்டு கழுவுவதை நிறுத்திவிட்டு பம்பை ஓடவிடும். வீட்டுக்குள் தண்ணீர் பெருகாமல் காப்பதற்கான ஏற்பாடு இது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பம்ப் வெளியேற்றுவது பாத்திரம் வைக்கும் தொட்டியில் உள்ள தண்ணீரை மட்டுமே. அடித்தட்டில் உள்ள தண்ணீர் அப்படியே நிற்கும். எனவே ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதே எர்ரர் மீண்டும் வரும்.

அடுத்து அக்காவிடம், "கடைசியாக என்ன மாற்றம் செய்தீர்கள்?" என்று கேட்டேன். கம்ப்யூட்டரில் பிரச்னை வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். டிஷ்வாஷர் பவுடர் தீர்ந்துபோனதால், கையால் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஊற்றியதாகச் சொன்னார். டிஷ்வாஷர் பவுடர் நுரை வராதபடி தயாரிக்கப்படுவது. கை லிக்விட், மெஷினின் வேகத்தில் நுரையாகப் பொங்கி அடித்தட்டுக்கு வழிந்திருக்கிறது. சென்சார் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. மெஷினை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர்க் குழாயை மூடுங்கள். 230 வோல்ட் மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த இடம் என்பதை மறக்க வேண்டாம்.

2. பாத்திரங்களை எடுத்துவிட்டு, தொட்டியில் நிற்கும் தண்ணீரை வழித்து எடுங்கள். அடியில் உள்ள ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள்.

3. மெஷின் தனியாக நிற்பதாக இருந்தால், இரண்டு பேர் பிடித்து, ஹோஸ்கள் இழுபடாமல் மெதுவாகப் பின்பக்கம் சாயுங்கள். தரையில் பழைய துணிகளை விரித்து வையுங்கள். அடித்தட்டில் தண்ணீர் இருந்தால் வெளியே வரும். மேடைக்கு அடியில் பொருத்திய மெஷின் என்றால் இழுக்க வேண்டாம். மெக்கானிக்கை அழையுங்கள்.

4. மெஷினை நிமிர்த்தி, நன்கு உலர விட்ட பிறகு பிளக்கை மாட்டுங்கள். சோப்பு போடாமல் ரின்ஸ் மட்டும் ஓட்டுங்கள். நுரை தெரிந்தால் மீண்டும் ஓட்டுங்கள்.

5. எர்ரர் வராவிட்டால் பிரச்னை தீர்ந்தது. வந்தால், ஹோஸ் இணைப்பிலோ கதவின் ரப்பரிலோ கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். அப்போது சரி செய்ய வேண்டியது கசிவைத்தான்.

அக்கா வீட்டு மெஷின் நான்காவது படியிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. செலவு, ஒரு பாக்கெட் டிஷ்வாஷர் பவுடர் மட்டுமே.

சென்சாரே கெட்டிருந்தால்?

அதுவும் நடக்கக்கூடியதே. வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டரை உதாரணமாகச் சொல்லலாம். டிஷ்வாஷர்களில் வழக்கமாக உள்ள வகையில், சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். மெக்கானிக் அதனை மாற்றச் சொன்னால், மல்டி மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். வெந்நீரில் வைக்கும்போது ஓம் அளவு சீராகக் குறைந்தால் சென்சார் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும். வயர், கனெக்டர் ஆகியவற்றை அடுத்துப் பார்க்க வேண்டும். அளவு மாறாமலே நின்றாலோ, மீட்டர் எதையும் காட்டாவிட்டாலோ தாராளமாக மாற்றலாம். வாரண்டி காலத்தில் நீங்களாக ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டாம்.

எர்ரர் வருகிறதே என்று மிதவையின் வயரைப் பிடுங்கி விடும் யோசனையைச் சிலர் சொல்லலாம். ஒருபோதும் கேட்காதீர்கள். எச்சரிக்கை வருகிறது என்பதற்காக ஆன்டி வைரஸை நீக்குவதைப் போன்றது அது. அடுத்த முறை கசிந்தால், சமையலறை முழுக்கத் தண்ணீர் நின்ற பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.