ரயிலில் வாசித்த நூலும் வயற்கூலியும்

உயர்தரப் பொருளியல் வகுப்பில் கூலியை, கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் வெட்டும் ஒரு புள்ளியாகப் படிக்கிறோம். வேலை தேடுவோர் கூடினால் கூலி இறங்கும், குறைந்தால் ஏறும். சொறிக்கல்முனை வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கிய பின் கைவெட்டுக்கு ஆள் தேடுவது ஏன் குறைந்தது என்பதை அந்த வரைபடம் சரியாகவே விளக்கும். ஆனால் கூலி ஏன் இவ்வளவு என்று விளக்குவது ஒன்று, அது நியாயமா என்று கேட்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கேள்வி ஒரு நூல் வழியாக வந்து ஒருவரின் வாழ்க்கையையே திருப்பிய கதை இது.

1904ஆம் ஆண்டு. ஜொஹன்னஸ்பேர்க்கில் நல்ல வருமானமுள்ள சட்டத்தரணியாக இருந்த காந்தி, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் நட்டக் கணக்கைப் பார்க்க டேர்பனுக்குப் புறப்பட்டார். (தொடக்கத்தில் தமிழ்ப் பக்கங்களும் இருந்த பத்திரிகை அது.) வழியனுப்ப வந்த நண்பர் ஹென்றி பொலக், ரயிலில் வாசிக்க ஒரு சிறு நூலைக் கொடுத்தார். ஜோன் ரஸ்கின் எழுதிய 'அன்ரூ திஸ் லாஸ்ட்'. 24 மணித்தியாலப் பயணம். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. அன்றிரவு அவருக்கு உறக்கமும் வரவில்லை.

'இந்தக் கடைசி ஆளுக்கும்' என்ற பொருள்தரும் அந்தத் தலைப்பு பைபிளிலிருந்து வந்தது. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரரின் உவமை. சொறிக்கல்முனையின் கிறிஸ்தவ அயலவர்களுக்குத் தெரிந்த கதைதான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி கேட்டு வளர்ந்த நமக்கும் அது தூரமானதல்ல.

ரஸ்கினின் கட்டுரைகள் 1860இல் 'கோர்ன்ஹில்' சஞ்சிகையில் வந்தபோது வாசகர்கள் கொதித்தார்கள். நான்கோடு தொடர் நின்றது. 1862இல் நூலாயிற்று. அப்படி என்ன சொன்னார்? வீட்டில் ஒரே ஒரு ரொட்டித் துண்டு. தாயும் பிள்ளைகளும் பசியோடிருக்கிறார்கள். தாய் உண்டால் பிள்ளைக்கில்லை. நலன்கள் மோதுகின்றன. அதற்காகத் தாய் பிள்ளையோடு சண்டை பிடிப்பாளா? மனிதரைத் தன்னலம் மட்டுமே ஆட்டுவிக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு, கணக்காகச் சரியாக இருந்தாலும் மனிதருக்குப் பொருந்தாது என்றார்.

காந்தி இதிலிருந்து எடுத்துக்கொண்டவை மூன்று. எல்லோருடைய நன்மையிலும்தான் தனி ஒருவரின் நன்மை இருக்கிறது என்பது அவர் முன்பே அறிந்தது. வழக்கறிஞரின் வேலைக்கும் நாவிதரின் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்பது மங்கலாகத் தெரிந்தது. உழவரின், கைவினைஞரின் வாழ்வே வாழத்தக்க வாழ்வு என்பது மட்டும் அவருக்குத் தோன்றியே இராதது.

டேர்பனிலிருந்து 14 மைல் தொலைவில், பீனிக்ஸில், 1000 பவுணுக்கு 100 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அச்சகம் அங்கே இடம்மாறியது. சேர்ந்தவர்களுக்கு நிறமோ நாடோ பாராமல் மாதம் 3 பவுண். எல்லோரும் சேரவில்லை, சேராதவர்கள் பழைய சம்பளத்திலேயே இருந்தார்கள். காந்தியே அங்கு நிலையாகத் தங்க முடியாமல் ஜொஹன்னஸ்பேர்க்குக்குத் திரும்ப வேண்டியிருந்தது. நூல் கையில் வந்தவுடன் உலகம் மாறிவிடுவதில்லை.

"ஒரே கூலி என்றால் யார் வருந்தி உழைப்பார்?" என்று வகுப்பில் ஒருத்தி கட்டாயம் கேட்பாள். நல்ல கேள்வி. ரஸ்கினின் பதில்: திறமையானவரை வேலைக்கு எடுங்கள், திறமையற்றவரை விடுங்கள், ஆனால் பாதிக் கூலிக்கு வருகிறேன் என்பவரைக் காட்டி மற்றவரின் கூலியைக் குறைக்காதீர்கள். நம் ஊரிலும் ஆசிரியைக்கும் தாதிக்கும் சம்பளம் அளவுத்திட்டப்படி வருகிறது. குறைந்த தொகைக்கு யார் வருவீர்கள் என்று ஏலம் போடுவதில்லை. களை பிடுங்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் பேரம்? பல இடங்களில் ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி இருப்பதை எந்த வளையி நியாயப்படுத்தும்?

1908இல் காந்தி அந்நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி 'சர்வோதய' என்று பெயரிட்டார். 50 ஆண்டுகளின் பின், 1958இல், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தொடங்கிய இயக்கத்துக்கும் அதே பெயர் வந்தது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இம்முறை போகம் முடிந்ததும் உழவு, விதை, பசளை, எண்ணெய், கூலி என்று செலவுக் கணக்கை எழுதும்போது மகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆண் கூலியையும் பெண் கூலியையும் வேறு வேறு வரியில் எழுதச் சொல்லுங்கள்.