சிரமதானமும் பாடமாகட்டும்

சிரமதானம் நம் பாடசாலைகளுக்குப் புதிதன்று. மாணவர் மண்வெட்டியோடும் விளக்குமாற்றோடும் வருவர், வளவு துப்புரவாகும், குப்பை அகலும், குளிர்பானம் அருந்தி வீடு திரும்புவர். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே குப்பை! பிள்ளைகள் உழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எதையாவது கற்றார்களா? ஆசிரியரும் பெற்றோரும் ஒன்றாக இருந்து சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

பிள்ளை ஊருக்குப் பயனுள்ள ஒரு வேலையைச் செய்வதும், அவ்வேலையினூடாகவே தன் பாடத்தைக் கற்பதுமே சேவைவழிக் கற்றல். பாடம் இல்லாத சேவை கூலியில்லா வேலையாகிவிடும். சேவை இல்லாத பாடமோ ஏட்டுச் சுரைக்காய்.

நம் நாட்டு முன்மாதிரி

1958ஆம் ஆண்டு கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் இளம் ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கனதொலுவ என்னும் கிராமத்திற்கு அழைத்துச் சென்றார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அம்மக்களோடு தோளோடு தோள் நின்று உழைத்தனர். உதவி செய்வதற்கு மட்டும் அவர்கள் போகவில்லை. அம்மக்களின் வாழ்வை அறியவும் போனார்கள். அந்தக் கல்விப் பரிசோதனையே பின்னர் சர்வோதய சிரமதான இயக்கமாக வளர்ந்தது. ஆகவே சிரமதானம் பிறந்ததே பாடசாலையில்தான். நாம் அதன் உழைப்பை எடுத்துக்கொண்டு கல்வியைக் கைவிட்டுவிட்டோம்.

கல்முனையில் ஒரு பாடம்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என வீடுகள் நெருங்கி நிற்கும் நம் கரையோரத்தில், வடகீழ்ப் பருவ மழையோடு டெங்கு அச்சமும் வருகிறது. 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளுக்கு இதனிலும் பொருத்தமான பாடம் வேண்டுமா? அதை நான்கு படிகளாக நடத்தலாம்.

1. அறிதல். டெங்கு நுளம்பு சிரட்டை, தகரப்பேணி, பழைய டயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி போன்றவற்றில் தேங்கும் நீரில் பெருகுகிறது. முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவேதான் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தேய்த்தும் கழுவ வேண்டும். விஞ்ஞான பாடம் இங்கே தொடங்குகிறது.

2. கணக்கெடுத்தல். ஓர் ஒழுங்கையில் 40 வீடுகளைப் பார்த்ததாகக் கொள்வோம். 6 வீடுகளில் குடம்பிகள் காணப்பட்டால் வீட்டுச் சுட்டி 15. அவ்வீடுகளில் குடம்பியுள்ள பாத்திரங்கள் 8 எனின், நூறு வீடுகளுக்கு 20 பாத்திரங்கள். சுகாதாரப் பகுதியினர் பயன்படுத்தும் அளவுகள் இவையே. சதவீதம் எதற்கு என்று கேட்ட பிள்ளைக்கு இப்போது விடை கிடைக்கும்.

3. செய்தல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலுடன், வீட்டாரின் அனுமதி பெற்று, அவர்களோடு சேர்ந்தே துப்புரவு செய்க. உடைந்த கண்ணாடி, ஊசி, மலக்குழி ஆகியவற்றின் அருகே பிள்ளைகள் போகலாகாது. பெற்றோரின் சம்மதமும் வேண்டும்.

4. மீள நோக்குதல். ஒரு மாதத்தின் பின் அதே வீடுகளை மறுபடியும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறையவில்லையா? அது தோல்வியன்று, அதுவே அடுத்த பாடம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வாங்க வசதியில்லையா? குப்பை வண்டி அந்த ஒழுங்கைக்கு வருவதில்லையா? அப்படியாயின் மாநகர சபைக்குப் பிள்ளைகளே கடிதம் எழுதட்டும். தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சி அன்றைக்கு உயிர் பெறும்.

ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளை ஊரின் காவலர்களாக்கிவிடக் கூடாது. எந்த வீட்டில் குடம்பி இருந்தது என்பதை வகுப்பில் பெயர் சொல்லிப் பேசலாகாது. இலக்கத்தை மட்டும் எழுதுக. ஏழை வீட்டு முற்றத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்ற பிள்ளை, எத்தனை சிரட்டைகளைக் கவிழ்த்தாலும் சேவையைக் கற்கவில்லை. முதியவர் ஒருவரிடம், "உங்கள் காலத்தில் இந்த ஒழுங்கை எப்படி இருந்தது?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளையே கற்றவன்.

கார்மேல் பற்றிமாவின் பிள்ளையும் ஸாஹிராவின் பிள்ளையும் ஒரே மழையில்தான் நனைகின்றனர். டெங்கு நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்கு மேல் பறப்பதில்லை. ஆனால் அந்தத் தூரத்திற்குள் அது மதமும் பார்ப்பதில்லை, மதிலும் பார்ப்பதில்லை. அயல் பாடசாலைகள் இரண்டு சேர்ந்து இதைச் செய்தால் பயன் இரட்டிப்பாகும்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, இக்கரையோரப் பிள்ளைகளுக்கு முன்பின் அறியாதவர்கள் உணவும் உடையும் கொண்டுவந்தார்கள். அன்றைய பிள்ளைகளுட் பலர் இன்று பெற்றோர். பெற்றதைத் திருப்பிக் கொடுக்கத் தம் மக்களைப் பழக்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

கலந்துரையாட:

1. சென்ற சிரமதானத்தில் நம் பிள்ளைகள் எந்தப் பாடத்தைக் கற்றார்கள்?
2. நம் ஒழுங்கையில் மாணவர் கணக்கெடுக்கத்தக்க வேறு குறை யாது?
3. அவ்வேலையில் யாரை மாணவர் ஆசிரியராக ஏற்றுக் கேட்கலாம்?